ரோட்டைக் கடக்க மேம்பாலம் போதுமா? கோடு போட்டவன் பதில்

நெரிசலான ரோட்டில் ஜனங்கள் பத்திரமாகக் கடக்க நடைமேம்பாலம் கட்டினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரிலும் அப்படிப் பேச்சு அடிபடுகிறது போல. போதாது. நான் இன்ஜினியர் இல்லை, ரோட்டில் வெள்ளைக் கோடு போடும் வேலையில் 6 வருஷம் இருந்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தர்மபுரியில் ஒரு நாலுவழி ரோட்டில் ஜீப்ரா கோடு போட்டோம். பட்டை ஒவ்வொன்றும் அரை மீட்டர் அகலம். பெயிண்டை உருக்கி இழுத்து, ஆறுவதற்குள் கண்ணாடி மணி தூவ வேண்டும், அப்போதுதான் ராத்திரி லைட் பட்டால் மின்னும். வேலை சுத்தமாக வந்திருந்தது. காய்ந்ததும் முதலில் இறங்கியது மஞ்சப்பையோடு ஒரு பாட்டி. பாதி ரோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நடுவில் ரோட்டை இரண்டாகப் பிரிக்கும் சிமென்ட் தடுப்பு, அதாவது சென்டர் மீடியன், முழங்கால் உயரம், வழியே விடவில்லை. "ஏம்ப்பா, இதுல எப்படி ஏறுறது?" என்றார். கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன், சிமென்ட் விளிம்பில் மாட்டிப் புடவை கிழிந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு, "டிராயிங்ல இல்ல, இடிச்சா பில் ஆகாது" என்றார். இப்போது அங்கே யாரோ ஒரு ஹாலோ பிளாக் கல்லைப் படியாகப் போட்டிருக்கிறார்கள்.

முழங்கால் உயரமே ஏற முடியாதவர் மேம்பாலத்துப் படியேறுவாரா? மீடியனைத் தரைமட்டத்துக்கு வெட்டி நின்று போக இடம் கொடுத்தால் பாதிப் பாதியாகக் கடக்கலாம். பாதி ரோடு என்றாலே 7 மீட்டர், வயசானவர்களுக்கு 9 நொடி ஆகும், அதற்குள் 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 125 மீட்டர் ஓடிவிடும். அதனால் வேகத்தையும் குறைத்தாக வேண்டும். கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினால் டிரைவர் தானாக பிரேக் பிடிப்பார். வண்டி நிற்கும் கோடும் சில மீட்டர் முன்னாலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நின்ற பஸ்ஸின் மறைவிலிருந்து பைக் பாய்ந்து வரும்.

ஜனங்கள் போனைப் பார்த்துக்கொண்டு கடக்கிறார்களே என்பீர்கள். சிலர் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜீப்ரா கோட்டில் நடப்பவருக்கு வண்டி வழிவிட வேண்டும் என்று 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறையிலேயே இருக்கிறது. அந்தப் பாட்டியிடம் போனும் இல்லை.

அப்புறம் இன்னொன்று, கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். பெங்களூரிலிருந்து ராத்திரி வரும் பஸ்ஸில் தர்மபுரிக்கு டிக்கெட் வாங்கினாலும் சில பஸ்காரர்கள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிடுகிறார்கள். போன மாதம் எங்களுக்கும் அதுதான். கோடும் இல்லை, விளக்கும் இல்லை. தூங்கிய மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, போன் டார்ச்சை வண்டிகளைப் பார்த்து ஆட்டிக்கொண்டேதான் கடந்தேன்.