அரிசிக் கணக்கு சரியாக இருந்தால் காதலும் நிற்கும்

வாசகர் கேள்வி பதில் பகுதியில் இந்த முறை பதின்பருவத்தினருக்கான காதல் நாவல்களும், கொடுங்கோல் எதிர்காலத்தைச் சொல்லும் டிஸ்டோபியா நாவல்களும். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கோடை விடுமுறையில் மகள் வாங்கி வைத்திருந்த ஆங்கில நாவல்கள் ஆறையும் படித்து முடித்தேன். எல்லாவற்றிலும் ஒரு கெட்ட அரசாங்கம், பதினாறு பதினேழு வயதில் ஒரு பெண், அவளைச் சுற்றி இரண்டு பையன்கள். ஊர் பற்றி எரியும்போது இவள் ‘இவனா, அவனா’ என்று தவித்துக்கொண்டிருக்கிறாள். காதலை வெட்டி எறிந்தால்தான் இந்தக் கதைகள் உருப்படும் என்பது என் கருத்து. சரிதானே?
– வாசகி, கோத்தகிரி

பாதி சரி. இந்த நாவல்களில் காதல் வருவது குறையே இல்லை. அந்த உலகத்துச் சட்டத்தோடு அது பின்னிக்கொள்ளாமல் தனியே தொங்கும்போதுதான் உங்களுக்கு வந்த எரிச்சல் எல்லோருக்கும் வருகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அந்த உலகத்தின் கொடிய சட்டம் என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு மூன்று காதல் காட்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் காட்சி அப்படியே நடந்திருக்கும் என்றால் அது ஒட்டுப்போட்ட காதல். மூன்றில் இரண்டு அப்படி இருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) இந்தச் சோதனையில் தேறும். 12 மாவட்டங்கள், ஆண்டுதோறும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கலில் எடுத்து, 24 பேரில் ஒருவர் மிஞ்சும்வரை சண்டையிட வைக்கிறார்கள். பலரும் சண்டையைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். கதையைத் தாங்குவது அதற்கு முன்னால் வரும் ஒரு சின்னக் கணக்கு. 12 வயதில் பெயர் ஒருமுறை குடத்துக்குள் போகும்; வயது ஏற ஏற ஆண்டுக்கு ஒன்று கூடும். வீட்டில் பசி என்றால் கூடுதலாகப் பெயர் போட்டு, ஒரு ஆளுக்கு ஓராண்டுக்கு அரைவயிறு தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். கதாநாயகி காட்னிஸ் தனக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு என்று ஆண்டுக்கு மூன்று கூடுதல் சீட்டுப் போடுகிறாள். வயதுக்கு ஒன்று சேர்த்து ஆண்டுக்கு 4. ஐந்தாண்டில், 16 வயதில் 20 சீட்டு. அவள் நண்பன் கேலுக்கு 18 வயது, வீட்டில் ஐந்து பேர். ஏழு ஆண்டுக்கு வயதுச் சீட்டு 7, தானியச் சீட்டு 35, ஆக 42. கணக்கு இடிக்கவே இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்பதை ரேஷன் அட்டை போல எண்ணிக் காட்டிவிட்டார்.

காதலும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. களத்தில் இருப்பவர்களுக்குப் பணக்காரப் பார்வையாளர்கள் பொருள் அனுப்பலாம். அவள் மாவட்டத்துப் பையன் பீட்டா காயம்பட்டுக் கிடக்கும் குகையில் காட்னிஸ் அவனை முத்தமிடுகிறாள். உடனே வானத்திலிருந்து ஒரு பாத்திரம் சூப்பு இறங்குகிறது. இன்னும் நெருங்கினால் இன்னும் சாப்பாடு வரும் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. தன் மனசு தனக்கே தெரியாமல் போவதுதான் அவள் தவிப்பு. சட்டத்தை உருவிவிட்டால் இந்தக் காட்சியே இல்லை.

ஆலி காண்டியின் ‘மேட்ச்ட்’ (2010) இன்னும் மென்மையானது. 17 வயதில் யாருக்கு யார் துணை என்று அரசே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அங்கே 100 கவிதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டார்கள். கையால் எழுதத் தெரிந்தவர்கள் அநேகமாக இல்லை. அதனால் ஒரு பையன் நாயகிக்கு மண்ணில் குச்சியால் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே அந்த நாவலின் முக்கியமான காதல் காட்சியாகிறது. ஜாதகக் கட்டத்தையும் அரிசியில் எழுதிய ‘அ’வையும் அறிந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இரண்டு பையன்கள் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. முக்கோணம் நிற்க வேண்டுமானால் இருவரும் ஒரே கேள்விக்கு இரண்டு பதிலாக இருக்க வேண்டும்: திருப்பி அடிப்பதா, அடியை நிறுத்துவதா? ‘தி ஹங்கர் கேம்ஸ்’ கேல், பீட்டா இருவரும் அப்படி. கண்ணின் நிறமும் தோளின் அகலமும் மட்டும்தான் வித்தியாசம் என்றால், பதிப்பகம் மூன்று பாகம் கேட்டதற்காக இழுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

என் மகனுக்கு 12 வயது. இந்த வகை நாவல் கேட்கிறான். கொடுக்கலாமா?
– வாசகர், உதகை

லோயிஸ் லௌரியின் ‘தி கிவர்’ (1993) கொடுங்கள். நாயகனுக்கும் 12 வயதுதான், புத்தகமும் சிறியது. பின்பாதியில் கைக்குழந்தை ஒன்று தொடர்பாக ஒரு காட்சி வரும். முன்கூட்டியே நீங்கள் படித்து வையுங்கள். அவன் அந்த இடத்துக்கு வரும் நாளில் வீட்டில் இருங்கள். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ இன்னும் ஓரிரு ஆண்டு கழித்துப் போதும். ரத்தத்தைவிட, பிள்ளைகள் சாவதைப் பிள்ளைகளே வேடிக்கை பார்ப்பதுதான் அதில் கனமான விஷயம்.

ஹங்கர் கேம்ஸ் வரிசையில் இப்போது ஐந்து புத்தகங்கள். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், கூடலூர்

வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள்: 2008, 2009, 2010-ல் வந்த மூன்று, பிறகு 2020, 2025. கடைசி இரண்டும் முன்கதைகள். முதல் நாவல் 74-வது போட்டி. 2020 நாவல் 10-வது. 2025 நாவல் 50-வது. கதைக்காலப்படி 10-லிருந்து தொடங்கினால், அந்த நாவலின் நாயகனான இளைஞன் பின்னாளில் என்னவாகப் போகிறான் என்பது தெரியாமல் படிப்பீர்கள். தெரிந்து படிப்பதில்தான் அதன் வலி.

2042-ல் மலை ஏறவும் இறங்கவும் அரசு அனுமதி வேண்டும் என்று வைத்து, கோத்தகிரிப் பக்கத்து படுகர் பெண்ணும் கூடலூர்ப் பையனும் காதலிக்கும் ஒரு கதை எழுதுகிறேன். 40 பக்கம் ஆகிவிட்டது, அதற்குமேல் நகரவில்லை. முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?
– கல்லூரி மாணவி, குன்னூர்

உங்கள் அத்தியாயத்தில் சோதனைச் சாவடி இருக்கிறது, டிரோன் பறக்கிறது, கேமரா சுழல்கிறது. ஒரு வீட்டிலும் உலை கொதிக்கவில்லை. நகராததற்குக் காரணம் அதுதான்.

முதலில் சட்டத்துக்கு ஒரு நல்ல காரணம் கொடுங்கள். உண்மையான இ-பாஸ் 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவு. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் கணக்கெடுப்பு. நெரிசலில் தவித்த மலைவாசிகளில் பலர் அதை வரவேற்றார்கள். உங்கள் கதையிலும் அப்படித் தொடங்கட்டும்: மலையைக் காப்பாற்றத்தான் கேட்டைப் போட்டார்கள், பெண்ணின் அப்பாவே கைதட்டினார். அரசு முதல் பக்கத்திலிருந்தே பூதமாக நின்றால் யாரும் அதற்குக் கீழ்ப்படிந்ததை நம்ப முடியாது.

அடுத்தது அரிசி. உங்கள் மலையில் உருளை, கேரட், முட்டைக்கோஸ், பூண்டு, தேயிலை எல்லாம் விளையும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து வயல்களை விட்டால் நெல் கிடையாது. அரிசி லாரியில் ஏறி வந்தாக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஒரு பாதை, கோத்தகிரிக்கு ஒரு பாதை, மஞ்சூர் வழி, 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி, கூடலூர்ச் சாலை. இத்தனையையும் அடைத்தால் துப்பாக்கியே வேண்டாம், மலை தானாக அடங்கும். இப்போது உங்கள் பையனைப் பாருங்கள். அவன் நெல் விளையும் பக்கத்துக்காரன், அவள் தேயிலைப் பக்கத்துக்காரி. காதலுக்குள் அரிசி வந்துவிட்டது.

மழையையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவம்தான் மண்சரிவைக் கொண்டுவரும். ஆடியில் அவன் பாதை அடைபடும், ஐப்பசியில் அவள் பாதை. இருவர் வழியும் திறந்திருக்கும் மாதங்களைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்; சந்திப்புகள் அந்த மாதங்களில்தான் வர முடியும். சாவடியில் நிற்கும் வில்லன் ஒருவரைக் குறைத்துவிடலாம்.

பிறகு எண்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை: 2018, 2030, 2042. நீங்கள் 2042 என்று வைத்தது தற்செயலாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். குறிஞ்சி பூக்கும் ஆண்டில் தலைக்கணக்கு எடுத்து, அரிசி வரவுக்கு மிஞ்சிய ஆட்களைக் குலுக்கலில் கீழே இறக்கிவிடுவார்கள் என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். 17 வயது நாயகி 2025-ல் பிறந்தவள்; 2030 குலுக்கலில் அவளுக்கு 5 வயது. அண்ணனை ஏற்றிப்போன லாரியின் தார்ப்பாய் நிறம் மட்டும் நினைவிருக்கும், அவன் முகம் நினைவிருக்காது. இதோடு இன்னொரு விதி: தனியாளுக்கு 4 சீட்டு, கல்யாணம் ஆனவருக்கு 2. அவன் வந்து ‘கட்டிக்கிறியா?’ என்று கேட்கும்போது, கேட்பது தன்னையா, குறையப்போகும் இரண்டு சீட்டையா என்று அவளுக்குத் தெரியாது. உங்கள் நாவலின் நடுப்பகுதி முழுக்க இந்த ஒரு சந்தேகம் தாங்கும். சீட்டுக் கணக்கைத் தனித்தாளில் போட்டு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கூட்டிச் சரிபாருங்கள். வாசகர்கள் கூட்டிப் பார்ப்பார்கள்.

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த நாவல்கள் பலவும் தன்மையில், நிகழ்காலத்தில் எழுதப்படுகின்றன. அதைப் பார்த்து நீங்களும் ‘ஓடுகிறேன். திரும்புகிறேன். பார்க்கிறேன்’ என்று போகிறீர்கள். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால் ஒரு பக்கத்தில் முப்பது ‘கிறேன்’ விழுந்து காது வலிக்கிறது. இறந்தகாலத்தில் சொல்லுங்கள், ‘ஓடித் திரும்பிப் பார்த்தேன்’ என்று எச்சங்களைக் கோத்தால் வேகம் தானாக வரும். நிகழ்காலத்தை இரண்டே இடங்களுக்குச் சேமித்து வையுங்கள்: குலுக்கல், கடைசிச் சந்திப்பு.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதியும் நமக்கு இருக்கிறது. ‘நீங்க’ என்று பேசிக்கொண்டிருந்தவள் ஒரு வரியில் ‘நீ’ என்று விடுவது தமிழில் முத்தத்துக்குச் சமம். உங்கள் கதையில் மூன்றாம் பக்கத்திலேயே ‘நீ’ வந்துவிட்டது. குறைந்தது நூறு பக்கமாவது தள்ளிப்போடுங்கள். மழையில் பாதை அடைபடும் நாளில், அவசரத்தில் வாய்தவறி வரட்டும்.

படுகர் பேச்சைக் கொச்சைத் தமிழ் போல எழுதாதீர்கள். அது தனிப் பேச்சு. சரியாகத் தெரிந்த சில சொற்களை மட்டும் வீட்டுக்குள் வையுங்கள், மற்றதைச் சாதாரணத் தமிழில் எழுதுங்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே இப்படி ஏதாவது உண்டா?
– ஆசிரியர், கொடைக்கானல்

சிறுவர் கதைக்கும் வார இதழ்த் தொடர்கதைக்கும் நடுவில் நம்மிடம் ஒரு பள்ளம் இருக்கிறது. பதினைந்து வயது அதில்தான் விழுகிறது. ஆனாலும் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இருக்கிறது. ஜீவா என்ற சர்வாதிகாரி, குழந்தை பெற அரசு அனுமதி, காணாமல்போன கணவனைத் தேடும் நிலா, உடன் வரும் இயந்திர நாய் ஜீனோ. நிலா பதின்பருவத்தைத் தாண்டியவள்தான். ஆனால் சட்டம் வீட்டுக்குள் வந்து உட்காரும் விதத்தைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

வகுப்பில் ஒரு பயிற்சி செய்யலாம். வங்காள எழுத்தாளர் ரொக்கையா 1905-ல் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ சென்னையிலிருந்து வந்த, பெண்களுக்கான ஆங்கில இதழில்தான் முதலில் வெளியானது. ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் ஆட்சியில். இது நல்லுலகக் கதை. சிறுகதை என்பதால் ஒரு பாடவேளையில் முடியும். அடுத்த வேளையில், அதே ஊரை வீட்டுக்குள் இருக்கும் ஒரு பதினைந்து வயதுப் பையனின் பார்வையில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒருவரின் நல்லுலகம் இன்னொருவருக்கு எப்படி இருக்கும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு நாவலின் மூன்று பாகங்களிலும் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, வட்டக்கானல்

முடியும். மற்ற புத்தகங்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பூஞ்சை தாளுக்குள் இறங்கிவிடும். பக்கங்களை விசிறி போல விரித்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் நிறுத்தி வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காலை வெயில் அரைமணி நேரம் போதும். உச்சி வெயிலில் தாள் பழுக்கும். அடுப்புப் பக்கம் வைத்தால் முதுகுப் பசை இளகி, குண்டுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக உதிரும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். ரசகற்பூர உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு உதவாது.