சீனி வருத்தக்காரரின் கால் ஆணியை வீட்டில் வெட்டலாமா?

சம்பூரிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 58 வயது, கடற்றொழில். பத்து வருசத்துக்கு மேலாகச் சீனி வருத்தம். உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே இருந்த ஆணியை வழமைபோலத் தானே பிளேட்டால் சீவினார். இந்த முறை புண்ணாகிவிட்டது. இரண்டு கிழமையாக ஊனம் வடிகிறது, மணக்கிறது. ஆனால் நோவு இல்லை என்கிறார். கிளிவெட்டி இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த காலத்தில் பலருக்கு மருந்து கட்டிய பக்கத்து வீட்டு மாமா, விறைப்பு ஊசி போட்டுத் தானே திறந்து துப்புரவாக்கித் தருவதாகச் சொல்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலைக் கழற்றிவிடுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். என்ன செய்யட்டும்?"

வீட்டில் வெட்ட வேண்டாம். இன்றைக்கே மூதூர் ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், சத்தி, தடுமாற்றமான பேச்சு, கணுக்கால்வரை வீக்கம், தோல் கறுத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வீட்டுக்கே வரும், காசு இல்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயப்படுத்தியது "நோவு இல்லை" என்ற சொல்தான். மணக்கிற புண் நோகத்தான் வேண்டும். நோகவில்லை என்றால், பல வருடச் சீனி பாதத்தின் நரம்புகளைக் கெடுத்திருக்க வாய்ப்பு அதிகம். கிளினிக்கில் இதைப் பார்க்க ஒரு மெல்லிய நைலோன் இழை இருக்கிறது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தில் சில இடங்களில் அதை வளையும்வரை அழுத்துவோம். உணர்ச்சி உள்ளவர் ஒவ்வொரு முறையும் "ஓம்" என்பார். உணர்ச்சி போனவரோ, எல்லா இடமும் தொட்டு முடித்த பிறகும், "இன்னும் தொடங்கவில்லையா டொக்டர்?" என்று கேட்பார். இப்படிப்பட்ட காலில் பிளேட் வைப்பவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. செத்த தோல் முடிந்து உயிருள்ள சதை தொடங்கும் இடத்தைக் காட்டித் தருவது நோவுதான்.

ஆணி என்பது ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்துக்குத் தோல் தடித்துக்கொள்வது. சீனி வருத்தக்காரரில் அந்தத் தடித்த தோலுக்குக் கீழே ஏற்கெனவே புண் இருக்கலாம். மேலே பார்த்தால் ஒரு சதம் அளவு துவாரம். அதற்குள் டொக்டர் மழுங்கிய கம்பியை மெதுவாக விட்டால் சில வேளை எலும்பில் முட்டும். அப்படி முட்டினால் எலும்பிலும் கிருமி ஏறியிருக்கலாம். முதல் இரண்டு கிழமைக்குள் எடுத்த எக்ஸ்ரே அதைக் காட்டாமலும் விடும். உள்ளங்காலில் சீழ், விரல்களை மடக்கும் தசைநார்களோடு குதிகால் பக்கம் ஓடக்கூடியது. வெளியே காயம் சிறியதாகவே இருக்கும்.

இரண்டாவது, இரத்த ஓட்டம். பாதத்தின் மேற்பக்கத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பார்த்து, தேவையானால் இரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கும் டொப்ளர் கருவியிலும் கேட்டுவிட்டுத்தான் எங்கே, எவ்வளவு வெட்டுவது என்று சத்திரசிகிச்சை நிபுணர் தீர்மானிப்பார். இரத்தம் வராத காலில் வெட்டினால் அந்த வெட்டே ஆறாது. கறுத்து அழுகத் தொடங்கும். ஆஸ்பத்திரியிலும் கத்தியால்தான் வெட்டுகிறோம். ஆனால் வெட்டுவது அந்த வேலையில் சிறு பங்குதான். அதற்கு முன் பார்ப்பதும் பின் கவனிப்பதும் வீட்டுத் திண்ணையில் நடக்காது.

மாமாவின் விறைப்பு ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீழ் கட்டிய சதையில் அமிலத்தன்மை அதிகம். அங்கே அந்த மருந்து சரியாக வேலை செய்யாது. விறைக்கவில்லையே என்று இன்னும் இன்னும் ஏற்றுவார்கள். அளவு மீறி இரத்தத்தில் கலந்தால் வலிப்பு வரும், இதயம் நிற்கவும் கூடும்.

மாமாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2006இல் சம்பூர் சனம் இடம்பெயர்ந்த பிறகு, மருந்தும் டொக்டரும் கிடைக்காத இடங்களில் அவரைப் போன்றவர்கள்தான் காயங்களைக் கழுவிக் கட்டினார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் திருகோணமலைப் பக்கக் கரைக்குப் போக வேண்டும். வேறு வழியில்லாதபோது செய்தது அது. இப்போது வழி இருக்கிறது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்துப் பதிவு பெற்றவர்களையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தன் வயிற்றைத் தானே வெட்டிய ரஷ்ய டொக்டரின் கதையை யாராவது எடுத்துச் சொல்லக்கூடும். உண்மைதான். 1961 ஏப்ரல் 30ஆம் திகதி இரவு, அந்தாட்டிக்காவின் நோவோலாசரேவ்ஸ்காயா நிலையத்தில் 27 வயது லியோனிட் ரோகோசோவ் தன் குடல்வாலைத் தானே அகற்றினார். அவர் சத்திரசிகிச்சை கற்றவர், அந்த நிலையத்தின் ஒரே டொக்டர், பனிப்புயலில் விமானம் வர வழியில்லை. இடையில் தவறிப் பெருங்குடலின் தொடக்கத்தைக் காயப்படுத்தியும் விட்டார். காயம் பட்டதைக் கண்டுபிடித்துத் தைக்கத் தெரிந்திருந்தபடியால் உயிர் தப்பினார். அந்தக் கையையும் அறிவையும் வீடியோ பார்த்துப் பெற முடியாது.

போகும்வரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கொதித்து ஆறிய நீராலோ சேலைனாலோ கழுவி, சுத்தமான கோஸ் வைத்து, இறுக்காமல் மூடுங்கள். அந்தக் காலை ஊன்றி நடக்க விடாதீர்கள். சிவப்பு படர்ந்திருந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டினால் டொக்டருக்கு அது முக்கியமான தகவல். நீர் கலக்காத டெட்டோல், மஞ்சள், கோப்பித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். ஆணிக்கென்று விற்கும் சலிசிலிக் அமில பிளாஸ்டர் சீனி வருத்தக்காரருக்கு ஆகவே ஆகாது. நல்ல தோலையும் அரிக்கும். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போகவும் வேண்டாம். சூடு தெரியாத கால் வெந்துபோகும், பலர் குளிக்கும் இடத்தில் திறந்த புண் நனையவும் கூடாது. பார்மசியில் நாலு அமொக்சிசிலின் வாங்கி விழுங்குவது கிருமியைக் கொல்லப் போதாது; ஆனால் காய்ச்சலை மறைத்து, நாளைக் கடத்த மட்டும் உதவும்.

போகும்போது கிளினிக் கொப்பி, குடிக்கிற குளிசைகள், இதுவரை புண்ணில் பூசியவற்றின் விபரம் எல்லாம் கொண்டுபோங்கள். திட்டு விழும் என்று எதையும் மறைக்காதீர்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பார்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் இப்படிப்பட்ட காயத்துக்குத் திரும்பப் போட வேண்டும். புண்ணோடு கடலிலோ களப்பிலோ இறங்கினாரா என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமி, சீனி வருத்தமோ ஈரல் நோயோ உள்ளவர்களில் மணிக்கணக்கில் பரவக்கூடியது. அது தெரிந்தால் கொடுக்கும் மருந்தே மாறும்.

கால் கழற்றும் பயத்துக்கு வருகிறேன். அது வீணான பயம் அல்ல. ஊரில் எல்லாருக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். ஆனால் அவர்களில் பலர் கறுத்த பிறகு வந்தவர்கள் என்பதை ஊர் பேசுவதில்லை. வேளையோடு வந்தால் பெரும்பாலும் செத்த சதையை எடுத்து, ஊசி மருந்து ஏற்றி, பாதத்தின் பாரத்தைக் குறைத்து ஆற்றப் பார்ப்போம். சில வேளை ஒரு விரல் போகலாம். அப்பா நினைவோடு இருக்கும்வரை அவர் கையெழுத்து இல்லாமல் எதையும் எடுக்க முடியாது. அதனால் கேளுங்கள்: இரத்த ஓட்டம் எப்படி, எலும்பு பழுதாகிவிட்டதா, விரலோடு நிறுத்தலாமா, திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமா. கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சைக்குக் காசு இல்லை என்பதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். கடல் நல்லாய் இருக்கிற நாட்களில் தொழிலை விட மனம் வராது என்பது விளங்குகிறது. ஆனாலும் இந்தப் புண்ணோடு அவர் தோணி தள்ளக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு மாமாவுக்கு வேலை இருக்கிறது. நாள் தவறாமல் மருந்து கட்ட வேண்டியிருக்கும். கட்டும் முறையை வார்ட் மிஸ்மாரிடம் நேரில் பார்த்துக்கொள்ள அவரையும் கூட்டிப்போங்கள். அப்பாவின் மற்றக் காலையும் இன்றைக்கே விரல் இடுக்குவரை வெளிச்சத்தில் பாருங்கள். சூடான கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடப்பவர். அங்கேயும் அவருக்குத் தெரியாமல் கொப்புளம் இருக்கலாம். ஆணி இருந்தால் சீவ விடாமல், அதையும் கிளினிக்கில் காட்டுங்கள்.