தன்னார்வலர்கள் நடத்தும் திறந்த மூலத் திட்டத்தில் புதிய பதிப்பை எப்போது வெளியிடுவது, நிலைத்தன்மையை எப்படிக் காப்பது?

ஒரு சிறிய நிரல் நூலகத்தின் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு) வெளியீட்டுப் பொறுப்பைச் சில ஆண்டுகள் கவனித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வெளியீட்டுத் தேதியை முதலில் குறித்துவிடுங்கள். அந்த நாளுக்குள் எது தயாராகிறதோ அதுவே அந்தப் பதிப்பு.

நாங்கள் தொடக்கத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்தோம். நான்கு வசதிகளைப் பட்டியலிட்டு, நான்கும் முடிந்த பிறகே வெளியீடு என்று அறிவித்திருந்தோம். மூன்று முடிந்த நிலையில், நான்காவதை எழுதிக்கொண்டிருந்த நண்பருக்குப் புது வேலை கிடைத்து, மாலை நேரங்கள் இல்லாமல் போயின. சம்பளம் வாங்காமல் உழைப்பவருக்குக் கெடு விதிக்க எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை. ஏழு மாதங்கள் காத்திருந்தோம். அதற்குள் வேறு மாற்றங்கள் குவிந்து, எது எதை உடைத்தது என்று பிரித்தறியவே முடியாமல் போயிற்று.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் ஒவ்வொரு வெளியீட்டுச் சுற்றிலும் முதல் இரண்டு வாரங்களில்தான் புதிய வசதிகள் சேர்க்கப்படுகின்றன. அதன்பின் வாரம் ஒன்றாக வரும் ஆர்சி பதிப்புகளில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்புகள்), பெரும்பாலும் ஏழு அல்லது எட்டில், வழுத்திருத்தங்களுக்கே இடம். அந்த இரண்டு வாரங்களைத் தவறவிட்டவர் அடுத்ததற்கு 9 அல்லது 10 வாரங்கள் காத்திருந்தால் போதும் என்பதால், அரைகுறை நிரலை அவசரமாகத் திணிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. லினக்ஸ் சார்ந்த இயங்குதளமான டெபியனில் 2002 ஜூலைக்குப் பின் அடுத்த நிலைப்பதிப்பு 2005 ஜூனில்தான் வந்தது. 2009இல் அத்திட்டம் ஒரு நடுவழியைத் தேர்ந்தெடுத்தது: மாற்றங்களை நிறுத்தும் காலத்தை முன்கூட்டியே வரையறுப்பது, ஆனால் வெளியிடுவதைத் தயாரான பிறகே செய்வது. சோதிக்க ஆட்கள் குறைவான திட்டங்களுக்கு இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

புதிய மாற்றங்கள் வந்து சேரும் முதன்மைக் கிளை எந்நாளும் சோதனைகளில் தேற வேண்டும். அதை உடைத்த கமிட்டை (சேர்க்கப்பட்ட நிரல் மாற்றத்தை) முதலில் திரும்பப் பெற்றுவிட்டு, பிறகு பேசலாம். எழுதத்தான் இது எளிது. விடுமுறை நாட்களைச் செலவிட்டு ஒருவர் அனுப்பிய நிரலைத் திரும்பப் பெறுவது அவருக்கு அவமதிப்பாகவே தோன்றும். எனவே, இந்த விதியைப் பங்களிப்பாளர் வழிகாட்டியிலேயே எழுதி, முதலில் என்னுடைய கமிட்டுகள் மீதே இரண்டு முறை அதைச் செயல்படுத்தினேன். அதன்பின் மனத்தாங்கல்கள் வெகுவாகக் குறைந்தன.

பழைய பதிப்புகளைப் பொறுத்தவரை, பராமரிக்கக் கைகள் எத்தனையோ அத்தனைக்கு மட்டுமே வாக்குக் கொடுங்கள். நாங்கள் கடைசிப் பதிப்பு ஒன்றை மட்டுமே பேணுகிறோம். வழுவை முதன்மைக் கிளையில் திருத்திய பிறகே, வெளியான பதிப்பைப் பேணும் நிலைக்கிளைக்குக் கொண்டுசெல்லுங்கள். இல்லையேல் அதே வழு அடுத்த பதிப்பில் மீண்டும் தலைகாட்டும்.

வெளியீட்டின் படிகள் அனைத்தையும் ஒரு ஸ்கிரிப்டாகவும், மனிதர் செய்ய வேண்டியவற்றை ஒரு பக்கக் குறிப்பாகவும் எழுதி வைத்திருக்கிறோம். அந்தக் குறிப்பில் இருந்த ஐந்து விடுபடல்களை, முதன்முறையாக அதைப் பின்பற்றி வெளியிட்ட புதியவர்தான் கண்டுபிடித்தார். கடைசி இரண்டு பதிப்புகளில் நான் கை வைக்கவே இல்லை.