ரேஸிங் டயர் போட்டால் லேப் நேரம் குறையுமா? சொந்தக் காரில் ட்ராக்குக்குப் போகிறவர் வாங்கலாமா?

கேட்டவர் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கம்பெனியில் வந்த டயரைக் கழற்றிவிட்டு ரேஸிங் டயர் போட்டால் எவ்வளவு வேகம் கூடும், எவ்வளவு நாள் உழைக்கும் என்பது கேள்வி.

வேகம் கூடும், சந்தேகமே வேண்டாம். ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது), எக்ஸாஸ்ட் என்று எஞ்சினில் கொட்டும் பணத்தை விட, அதே பணத்துக்கு டயர் கொடுக்கும் பலன் அதிகம். ஆனால் ரப்பருக்கு ஒரு பதம், அதாவது சரியான சூடு, உண்டு. அந்தப் பதத்தில் இருக்கும்போதுதான் அந்த வேகம் கிடைக்கும். டயரைப் பதத்துக்குக் கொண்டுவருவதும், அதைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வதும் ஓட்டுபவரின் வேலை. அந்த வேலை தெரியாதவருக்கு விலை உயர்ந்த டயர் இரண்டு மூன்று லேப் சந்தோஷம் மட்டும் தரும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நல்ல சாலை டயர் வளைவில் 0.9 ஜி (புவியீர்ப்பின் 0.9 பங்கு) வரை பிடி தருகிறது, செமி ஸ்லிக் (பள்ளங்கள் குறைவாக உள்ள, ட்ராக்குக்கான மென்மையான டயர்) 1.1 ஜி தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் போகக்கூடிய வேகம் பிடியின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். அதனால் பிடி 22 சதவீதம் கூடினாலும் வேகம் சுமார் 10 சதவீதம்தான் கூடும். 80 கி.மீ.யில் எடுத்த வளைவை 88-இல் எடுக்கலாம். கேட்க அற்பமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் அந்த 8 கி.மீ. அடுத்த நேர்கோட்டின் கடைசி வரை உங்களோடு வரும். பிரேக்கிலும் லாபம் உண்டு. 150 கி.மீ. வேகத்தில் வந்து அந்த வளைவுக்காகக் குறைக்க, சாலை டயருக்குச் சுமார் 70 மீட்டர் வேண்டும். செமி ஸ்லிக்குக்கு 53 மீட்டர் போதும். இது ஒரு வளைவுக்கு மட்டும். இருங்காட்டுக்கோட்டையில் மொத்தம் 12 வளைவுகள், நீளம் 3.7 கி.மீ. கூட்டிப் பார்த்தால் லேப்புக்குச் சில விநாடிகள் குறைவது ஆச்சரியமே இல்லை.

சரி, இந்தப் பிடி எங்கிருந்து வருகிறது? ரப்பர் தார்ப்பரப்பின் ஜல்லி முனைகளுக்குள் அமுங்குகிறது. அந்த முனை கடந்து போனதும் உடனே பழைய வடிவத்துக்கு வராமல் கொஞ்சம் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் செலவாகும் சக்திதான் பிடியில் பெரும்பங்கு. அதே சக்திதான் வெப்பமாகவும் மாறி டயரைச் சூடாக்குகிறது. இது போக, ரப்பர் தாரோடு ஒட்டி ஒட்டிப் பிரிவதிலும் பிடி கிடைக்கிறது. அதற்குப் பரப்பு காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். கம்பெனியில் வரும் மைலேஜ் டயர்களில், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று அந்தத் தாமதத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார்கள். ட்ராக்கில் அவை கத்திக்கொண்டே வழுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த டயர் மோசமான டயர் இல்லை. அதைச் செய்தவர்கள் வேறு வேலைக்காகச் செய்தார்கள், அவ்வளவுதான்.

சாலை டயருக்கு ட்ராக்கில் இன்னொரு சங்கடம், பட்டன் ஆழம், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டிகளின் உயரம். புது டயரில் 7, 8 மில்லிமீட்டர் பட்டன் இருக்கும். வளைவில் பாரம் ஏறும்போது அந்தப் பட்டன்கள் தனித்தனியாக வளைந்து நெளியும். அந்த நெளிவும் வெப்பம்தான். நாலைந்து வேகமான லேப் ஆனதும் மேல்பரப்பு கொழகொழவென்று ஆகி, ஸ்டியரிங்கில் கனம் குறைந்து, கார் வளைவுக்கு வெளியே நழுவ ஆரம்பிக்கும். இன்னும் விரட்டினால் ஓரப் பட்டன்கள் துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். ஸ்லிக்கில் பட்டனே கிடையாது, அதனால் நெளிவு இல்லை. செமி ஸ்லிக் இரண்டுக்கும் நடுவே. அமெரிக்காவில் ட்ராக்கில் ஓட்டுபவர்கள் சில டயர்களைப் புதிதாக வாங்கிய கையோடு இயந்திரத்தில் பட்டனைச் சீவி ஆழத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பட்டனைக் காசு கொடுத்தே சீவுவது நம் ஊர்க்காரருக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும், ஆனால் அதில் அர்த்தம் இருக்கிறது.

டயரின் குணத்தை ஓரளவு சொல்லும் ஒரு எண் பக்கச்சுவரில் இருக்கும்: ட்ரெட்வேர். அமெரிக்க விதிப்படி தயாரிப்பாளரே சோதித்துப் போடும் எண் அது. குறையக் குறைய ரப்பர் மென்மையானது, சீக்கிரம் தேயும் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஸ்போர்ட்ஸ் சாலை டயர் 300-ஐ ஒட்டி இருக்கும். யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் போன்றவை 200. டோயோ ஆர்888ஆர் 100. ஹூசியர் ஆர்7 வெறும் 40. பழைய மலிவு கார்களை வைத்து அமெரிக்காவில் நடக்கும் ‘24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ பந்தயத்தில் 190-க்குக் கீழே உள்ள டயருக்கு அனுமதியே இல்லை. செலவு எகிறாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஒரே எண் உள்ள இரண்டு டயர்கள் ஒரே மாதிரி ஓடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 200 என்று போட்ட டயர்களுக்குள்ளேயே வித்தியாசம் பெரிது.

இனி காற்றழுத்தம். என் அனுபவத்தில் அமெச்சூர்கள் ட்ராக்கில் இழக்கும் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது, அதுவும் செலவே இல்லாமல் சரிசெய்யக்கூடிய இடத்தில். காலையில் 30 டிகிரி வெயிலில் 30 பிஎஸ்ஐ பிடித்துவிட்டு ட்ராக்கில் இறங்குகிறீர்கள். டயருக்குள் இருக்கும் காற்று 80 டிகிரிக்குப் போகிறது. பள்ளியில் படித்த வாயு விதிதான்: வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 37-க்கு மேல் வந்துவிடும். அதாவது ஆறேழு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ. 37-இல் டயர் உப்பி, தரையில் படும் பரப்பு சுருங்கி, நடுப்பகுதி மட்டும் வேலை செய்யும். நாலாவது லேப்பில் ‘டயர் போச்சு’ என்று உள்ளே வருகிறவர்களில் பலருக்கு டயர் போகவில்லை, காற்றுதான் ஏறியிருக்கிறது.

அதனால் குளிர்ந்த அழுத்தத்தை மறந்துவிட்டு, சூடான அழுத்தத்தை இலக்காக வையுங்கள். ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கரம் இழுக்கும் சின்னக் காரில் சாலை டயருக்கு முன்னால் 34, 35 சூட்டில் இருந்தால் நல்ல தொடக்கம். செமி ஸ்லிக்குக்கு அதைவிடச் சில பிஎஸ்ஐ குறைவாகத் தொடங்கலாம். பிட்டுக்குள் வந்து நின்றவுடன், வேறு எதையும் செய்வதற்கு முன், நாலு டயரையும் சொந்த கேஜில் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கூடியதை வெளியே விடுங்கள். பங்க் கேஜை நம்ப வேண்டாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும். டயரின் தோள்பட்டையில், அதாவது பட்டனும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில், சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டு அனுப்புங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு, டயர் மடங்கிப் படுக்கிறது. பட்டன் ஓரத்திலேயே நின்றுவிட்டால் காற்று அதிகம். சாக்பீஸ் விலைக்கு இதைவிடப் பெரிய பாடம் ட்ராக்கில் கிடைக்காது. ஒன்று மட்டும் மறக்கவே கூடாது. ட்ராக்கில் வெளியேற்றிய காற்றை வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்பப் பிடியுங்கள். டயர் ஆறியதும் 25, 26 என்று கிடக்கும், அதோடு பெங்களூரு ஹைவேயில் ஏறுவது ஆபத்து.

நைட்ரஜன் பிடிக்கலாமா என்று அடுத்து கேட்பார்கள். நைட்ரஜனும் சூட்டில் விரியத்தான் செய்யும். அதில் ஈரப்பதம் இல்லை என்பதுதான் லாபம். ஈரக் காற்று சூட்டில் தாறுமாறாக ஏறும். சென்னைக் காற்றின் ஈரத்தில் அது கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் கேஜ் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு யோசித்தால் போதும்.

பதம் என்றேனே, பெரும்பாலான அமெச்சூர் ரேஸ் டயர்களுக்கு அது சுமார் 80 முதல் 100 டிகிரி. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் அந்தச் சூட்டுக்கு ஏற்றுவதே பெரும்பாடு. இங்கே கதை தலைகீழ். சித்திரை, வைகாசி மதியத்தில் தாரே 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். ஒரு லேப்பில் டயர் தயாராகிவிடும், அடுத்த சில லேப்பில் அளவு மீறவும் செய்யும். அதனால் இரண்டு மூன்று லேப் முழு வேகம், ஒரு லேப் மெதுவாக, மறுபடி வேகம் என்று ஓட்டுவதுதான் நம் வெயிலுக்கு ஏற்ற முறை. நல்ல லேப் நேரம் காலையில் முதல் செஷனில்தான் வரும்.

வழுக்கும் விதத்திலும் சாலை டயருக்கும் ரேஸ் டயருக்கும் வித்தியாசம் உண்டு. எந்த டயரும் வளைவில் சக்கரம் பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் நடுவே சில டிகிரி கோணம் விட்டுத்தான் பிடிக்கும். சாலை டயரில் அந்த உச்சம் மெல்ல வந்து மெல்லப் போகும். வழுக்குவதற்கு முன்பே கீச்சென்று கத்தி எச்சரிக்கும், பிழையைத் திருத்த நேரம் கொடுக்கும். ரேஸ் டயரில் உச்சம் உயரம், ஆனால் கூர்மை. சத்தம் குறைவு. கை விட்டுப் போகும்போது அதிக வேகத்தில், திடீரென்று போகும். புதிதாகப் பழகுகிறவர் சாலை டயரில் தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ரேஸ் டயரின் கூடுதல் பிடி மறைத்துவிடும் பிழைகள் கையில் பழக்கமாகத் தங்கிவிடும்.

கார் தயாரா என்பதையும் பாருங்கள். ஸ்விஃப்டில் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் முன்பக்கம். திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பாரம் எல்லாம் அந்த இரண்டு சக்கரங்கள் தலையில். கம்பெனி அலைன்மென்ட்டில் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) மிகக் குறைவு. வளைவில் கார் சாயும்போது வெளிச்சக்கரம் தன் வெளி ஓரத்தில் நிற்கும். செமி ஸ்லிக்கை அப்படியே மாட்டினால் நடுவும் உள்பக்கமும் புதுசு போல இருக்க, வெளித்தோள் மட்டும் மொட்டையாகிவிடும். முன்சக்கரத்துக்கு மைனஸ் 2, 2.5 டிகிரி கேம்பர் வைக்க முடிந்த பிறகுதான் அந்த டயருக்குக் கொடுத்த பணம் பலன் தரும். கூடுதல் பிடி பிரேக்குக்கும் கூடுதல் சூடு. பழைய பிரேக் ஆயில் கொதித்து, மிதி தரையோடு போகும் நிலை வரலாம். புது டாட் 4 தரப் பிரேக் ஆயிலும் சூடு தாங்கும் பிரேக் பேடும் டயருக்கு முன்னால் வர வேண்டும். நீண்ட வளைவுகளில் எஞ்சின் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும் என்பதால் ஆயில் மட்டத்தை மேல் கோட்டிலேயே வைத்திருங்கள்.

உழைப்பு. இதைக் கிலோமீட்டரில் கணக்குப் பார்க்க முடியாது. சூடாகி ஆறுவது ஒவ்வொரு முறையும் ரப்பரைக் கொஞ்சம் இறுக்கும். பட்டன் பாக்கி இருந்தும் பிடி போயிருக்கும். புது ரேஸ் டயரை முதலில் சில லேப் மிதமாக ஓட்டி, கழற்றி ஒரு நாள் நிழலில் ஆறவிட்டால் ரப்பர் சீராக இறுகி நீண்ட நாள் வரும். ரேஸ் டீம்கள் கழித்துப் போடும் டயர்கள் மலிவாகக் கிடைக்கும்போது பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதிய வேண்டும். மினுமினுவென்று நீலம் பாய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

மழை வந்தால் எல்லாக் கணக்கும் மாறும். தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் இல்லாத டயர் தேங்கிய நீரில் மிதக்கும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்யாது. சாலை டயருக்கு மாறுங்கள். மழையில் டயர் அதிகம் சூடாகாது, காற்று ஏறாது. எனவே குளிர்ந்த அழுத்தத்தையே வழக்கத்தைவிடக் கூட்டி வையுங்கள்.

கடைசியாக, எதை வாங்குவது? 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதிலிருந்து மேலே சொன்ன வெளிநாட்டு செமி ஸ்லிக்குகள் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றி இத்தனை டயர் ஆலைகள் இருந்தும், சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டும் நம் ட்ராக் டே ஆட்களுக்கென்று கடையில் வாங்கக்கூடிய டயர் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு நிஜமாகவே வருத்தம். போட்டியில் இறங்கினால் தேர்வு உங்கள் கையில் இருக்காது, அமைப்பாளர்கள் சொல்லும் ஒரே டயரில்தான் எல்லோரும் ஓட வேண்டும். அது நல்லதுதான், ஓட்டுபவர் தெரிவார். உங்கள் நிலையில் நானாக இருந்தால் இந்த ஆண்டு நல்ல ஸ்போர்ட்ஸ் சாலை டயர், பிரேக் ஆயில், பேட், ஒரு தரமான கேஜ், மிச்சப் பணத்தில் ஒரு பயிற்சியாளர். தொடர்ந்து பத்து லேப் ஒரு விநாடிக்குள் ஒரே நேரத்தில் வர ஆரம்பித்ததும் கேம்பர் சரிசெய்துவிட்டு செமி ஸ்லிக் தேடுங்கள். தனி ரிம்மில், 195/50 ஆர்15 அளவில் பாருங்கள். மாஸ்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான மியாட்டாவை ஓட்டுபவர்கள் புண்ணியத்தில் அந்த அளவில்தான் தேர்வு அதிகம்.