தொட்டி உயரம் குறைவு, உப்புத் தண்ணீர்: ஃப்ரண்ட் லோடா, டாப் லோடா?

நாலு பேர் குடும்பம், தொட்டி குழாயைவிட 2 மீட்டர்தான் உயரம், தண்ணீரும் உப்பு, எந்த வாஷிங் மெஷின் வாங்குவது என்று கேட்கிறீர்கள். முதலில் தண்ணீர் அழுத்தத்தைக் கவனியுங்கள். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் (அழுத்தத்தின் அலகு), ஆக உங்களுக்குக் கிடைப்பது 0.2 பார்தான். பல ஃப்ரண்ட் லோடு மெஷின்களுக்கு 0.3 முதல் 0.5 பார் வரை வேண்டும். அது இல்லாவிட்டால் சோப்புத்தூள் தட்டிலேயே கட்டியாக நிற்கும். குறித்த நேரத்துக்குள் தண்ணீர் நிரம்பாததால் மெஷின் எரர் காட்டி நின்றுவிடும். இது ரிப்பேர் இல்லை, சர்வீஸ்காரரைக் கூப்பிட்டும் பயனில்லை.

பிரஷர் பம்ப் வைக்க முடியுமானால் ஃப்ரண்ட் லோடு 8 கிலோ எடுங்கள். தண்ணீர் மிச்சம், துணியும் அவ்வளவாக நையாது. முடியாதென்றால் குறைந்த அழுத்தத்தில் நிரம்பும் டாப் லோடுதான் சரி. கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எத்தனை பார் என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அந்த 8 கிலோ காய்ந்த பருத்தித் துணிக்கான கணக்கு. சிந்தெடிக் புரோகிராமில் பாதியளவுதான் போடலாம்.

உப்பு ஹீட்டரில் படியும், சோப்பும் கூடுதலாகப் பிடிக்கும். மாதம் ஒருமுறை துணியில்லாமல், டெஸ்கேலிங் பவுடர் (உப்புப் படிவை நீக்கும் தூள்) போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள்.

இன்னொன்று: ஃப்ரண்ட் லோடின் கழிவுநீர்க் குழாயைத் தரையில் போட்டுவிடாதீர்கள். 60 செ.மீ. உயரத்துக்காவது தூக்கி மாட்டாவிட்டால் நிரம்பும் தண்ணீர் தானாகவே வெளியேறிக்கொண்டிருக்கும்.