மாநகராட்சி வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருப்பது எப்படிப்பட்ட வேலை? தனியார் பட்டறையை விட்டுவிட்டுப் போகலாமா?

தனியார் லாரி பட்டறையில் ஐந்து வருடம் இருந்துவிட்டு மாநகராட்சிப் பணிமனைக்குப் போனவன் நான். இப்போது பதினோரு வருடம் ஆகிறது. இரண்டையும் பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

பட்டறையில் வாடிக்கையாளர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதோடு கதை முடிந்தது. நாம் போட்ட ஆயில் சீல் ஆறு மாதம் தாங்கியதா என்று தெரியவே தெரியாது. இங்கே அதே வண்டி சாயங்காலம் நம் வாசலில்தான் வந்து நிற்கும். அரைகுறையாகச் செய்த வேலை இரண்டே நாளில் திரும்பி வரும். "நேற்றுப் பார்த்தீங்களே தம்பி, அதேதான்" என்று டிரைவர் அண்ணன் சிரிக்காமல் சொல்லும்போது கிடைக்கும் பாடம் வேறெங்கும் கிடைக்காது.

நான் இங்கே வந்ததும் தடுமாறியது கிலோமீட்டர் விஷயத்தில். குப்பையை அமுக்கும் காம்பாக்டர் லாரி ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். ஆனால் இன்ஜின் எட்டு மணி நேரம் அணையாது. நாலு வீட்டுக்கு ஒருமுறை நின்று, நின்ற இடத்திலேயே இன்ஜினை உறுமவிட்டு, பி.டி.ஓ. (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குப் பதிலாக வேறு மெஷினுக்குத் திருப்பும் கியர்) வழியாக ஹைட்ராலிக் பம்பைச் சுற்றி, குப்பையை அமுக்கிவிட்டுத்தான் நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றலாம் என்று உட்கார்ந்திருந்தால் அதற்கு 200 நாள் ஆகும். அதற்குள் இன்ஜின் 1,600 மணி நேரம் ஓடியிருக்கும். நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி அதே 10,000 கிலோமீட்டரை 200 மணி நேரத்தில் முடித்துவிடும். அதனால் இங்கே ஹவர் மீட்டரைப் பார்த்துத்தான் சர்வீஸ். பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட் எல்லாம் மற்ற லாரிகளில் பார்த்த ஆயுளில் பாதிகூட வராது.

புது மாடல் வண்டிகளில் இன்னொரு தொல்லை, சைலன்சர் குழாயில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப். அதில் சேரும் கரி எரிந்து வெளியேற வேண்டுமானால் உள்ளே கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். தெருத்தெருவாக ஊர்ந்து போகும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? வண்டி தானாகவே டீசலைக் கூடுதலாக விட்டுக் கரியை எரிக்கத் தொடங்கும். பாதியில் டிரைவர் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார், கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அப்போது டேஷ்போர்டில் எரியும் விளக்குக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் நாலு பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பிறகு, அந்த நாலு வண்டியும் இந்தத் தொல்லையோடு வருவது நன்றாகவே குறைந்தது. ஸ்பேனரைத் தொடாமல் செய்த ரிப்பேர் என்று அதைத்தான் சொல்வேன்.

நாற்றத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகவே கூடாதது வேறு ஒன்று.

சேர்ந்த புதிதில் ஒரு காம்பாக்டரில் ஹைட்ராலிக் ஆயில் எங்கோ ஒழுகியது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸ் எங்கே ஓட்டையாகியிருக்கிறது என்று கையால் தடவிப் பார்க்கப் போனேன். சீனியர் என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பிறகு ஒரு அட்டைத் துண்டை எடுத்து ஹோஸ் ஓரமாக நகர்த்தினார். ஒரு இடத்தில் அட்டையில் ஊசியால் கீறியதுபோல ஈரக்கோடு விழுந்தது. 150 பாருக்கு மேல் அழுத்தத்தில் ஊசிமுனை ஓட்டை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சைக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும். அன்றிலிருந்து என் டூல்ஸ் பெட்டியில் ஒரு அட்டைத் துண்டு எப்போதும் இருக்கும்.

அதேபோல, பின்கதவைத் தூக்கினால் இரும்பு முட்டுக் கொடுக்காமல் உள்ளே தலையை விடக்கூடாது. வண்டிச் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், வண்டியில் இல்லை. குப்பைக்குள் ஊசி, கண்ணாடிச் சில் எல்லாம் கிடக்கும். டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி ஊசிகளைச் சேருவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல பக்கமும் உண்டு. காலையில் கழிவுநீர் உறிஞ்சும் லாரி, மதியம் தெருவிளக்கு மாட்டும் ஏணி வண்டி, சாயங்காலம் புல் வெட்டும் மெஷின் என்று ஒரே நாளில் மூன்று விதமான வேலை வரும். இப்போது பேட்டரி குப்பை வண்டிகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. நின்று நின்று போகும் வண்டிக்குப் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரி கொஞ்சம் சார்ஜ் ஏறும் என்பதால் பொருத்தமான வண்டிதான். ஆனால் உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிற ஒயரைப் பயிற்சி இல்லாமல் தொடவே கூடாது.

எனக்குக் கடைசிவரை ஒத்துப்போகாதது, ஸ்பேர் வரும்வரை காத்திருப்பதுதான். கோப்பு நகர்ந்து, கையெழுத்தாகி, பொருள் வருவதற்குள் மேலிருந்து, "அந்த நிற்கிற வண்டியில கழற்றிப் போட்டுடுங்க" என்பார்கள். ஒரு வேலை இரண்டு வேலையாகும். கழற்றின வண்டியும் திரும்ப எழுந்திருக்காது.

போகலாமா என்று கேட்டீர்கள். நேர்காணலுக்குப் போகும்போது பணிமனையின் பின்பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்த வண்டி ஒன்றிரண்டு எல்லா இடத்திலும் இருக்கும். பத்துப் பதினைந்து நின்றால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் நான் என்றால் சேரமாட்டேன்.