பழைய வண்டிக்குப் புது பிரேக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1950-களில் வந்த கார். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் கிட் வாங்கிவிட்டேன். டிரம்மைக் கழற்றி டிஸ்க்கை மாட்டினால் போதுமா?

பதில்: போதாது. டிஸ்க் மாட்டுவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. டிரம் பிரேக்கில் சுற்றுகிற டிரம்மே, அதை உள்ளிருந்து உரசி நிறுத்தும் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக வைக்கும். லேசாக மிதித்தாலே பிடிக்கும். டிஸ்க்குக்கு அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் கொடுக்கிற அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் பிடி. மற்றதை எல்லாம் அப்படியே வைத்துவிட்டு டிஸ்க்கை மட்டும் மாட்டியவர்கள், "முன்பு இருந்ததே தேவலை" என்று புலம்புவது இதனால்தான்.

முதலில் பெடலை அளந்து பாருங்கள். பெடல் தொங்கும் அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் வரை ஓர் அளவு. அதே அச்சிலிருந்து, பெடல் தள்ளும் கம்பியான புஷ் ராடு வரை இன்னோர் அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பெடல் விகிதம் கிடைக்கும். மிதியை வலுப்படுத்தும் பூஸ்டர் இல்லாத வண்டிக்கு 6 பக்கம் இருக்க வேண்டும். பூஸ்டர் இருந்தால் 4 போதும். 40 கிலோ அழுத்தி மிதிக்கிறீர்கள், விகிதம் 6 என்றால், மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் 240 கிலோ விழும். பிஸ்டன் விட்டம் 1 இன்ச் என்றால் பைப்பில் சதுர செ.மீ.க்கு சுமார் 47 கிலோ அழுத்தம். அதையே 7/8 இன்ச் ஆக்கினால் 62 கிலோ. ஆதாயம்தான், ஆனால் பெடல் 30 சதவீதம் கூடுதலாக இறங்கும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் பெரியது, ஆயில் நிறையக் கேட்கும். சிலிண்டரை ரொம்பச் சிறிதாக்கினால் பிரேக் பிடிப்பதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

எப்படியும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றப்போகிறீர்கள், முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாக இரட்டை அறை உள்ளதாகவே போடுங்கள். அந்தக் காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் ஒரே அறைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். என்னைக் கேட்டால், டிஸ்க்கைவிட உயிர் காக்கும் மாற்றம் இதுதான். டிரம்மை வைத்துக்கொண்டு இதை மட்டும் செய்தாலும் நல்லதே.

கிட்டை முழுதாகப் பூட்டுவதற்கு முன் பழைய வீலைக் காலிப்பர் மேல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்திலும் 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். ரிம்மின் உள்பக்கம் ஒட்டும் பேலன்ஸ் வெயிட்டை மறக்க வேண்டாம். காலிப்பரில் ஏர் எடுக்கும் ஸ்குரூ மேல் பக்கம் வர வேண்டும். இடது வலது மாறிவிட்டால் அது கீழே போய்விடும். பிறகு எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். பைப்பைச் சேர்க்கும்போது முனையை இரட்டையாக மடித்து ஃப்ளேர் செய்யுங்கள். வளையத்தை நசுக்கிப் பிடிக்கும் தண்ணீர்க் குழாய் வகை இணைப்பு பிரேக்குக்கு ஆகாது.

பழைய டிரம்மைத் திறக்கையில் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். அக்கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: டிஸ்க் மாற்றியபின் கிளம்பும்போது எல்லாம் சரி. பத்து கிலோமீட்டர் போனதும் முன்சக்கரம் பிடித்துக்கொள்கிறது, கொதிக்கிறது. ஆறினால் விட்டுவிடுகிறது.

பதில்: ஆயில் சூடாகி விரிகிறது, திரும்பிப் போக வழியில்லை. வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்பதைக் கழற்றிப் போடாமலே கண்டுபிடிக்கலாம். பிடித்திருக்கும்போதே பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியை ஸ்டாண்டில் தூக்குங்கள். காலிப்பரின் ஏர் ஸ்குரூவைத் திறங்கள். அப்போதும் சக்கரம் சுற்றாவிட்டால் காலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. உடனே சுற்றினால் பைப்பில் அழுத்தம் தங்கியிருக்கிறது.

அடுத்த முறை பிடிக்கும்போது ஸ்குரூவைத் தொடாமல், மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளை 3 மி.மீ. தளர்த்தி அதை முன்னால் இழுங்கள். விட்டுவிட்டால் புஷ் ராடு நீளம் அதிகம். பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராமல், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளையை மூடிக்கொண்டிருக்கிறது. பிஸ்டனுக்கும் ராடுக்கும் நடுவே 1 மி.மீ. அளவு இடைவெளி விடுங்கள். அதிலும் விடவில்லை, மாஸ்டர் சிலிண்டரில் பைப் நட்டைத் தளர்த்தினால் விடுகிறது என்றால், டிரம்முக்கான ரெசிடுவல் வால்வு உள்ளேயே இருக்கிறது. அது 10 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு பவுண்டு) அழுத்தத்தைப் பைப்பிலேயே நிறுத்திவைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க்கில் பேடை இழுக்க அப்படி ஸ்பிரிங் இல்லை. வால்வைக் கழற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் மட்டும் 2 பிஎஸ்ஐ வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் ஆயில் பின்னால் வடிந்துவிடும்.

இதற்கும் விடவில்லையா? பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. வெளியே பார்க்கப் புதுசுபோல இருக்கும், நம்பாதீர்கள்.

கேள்வி: ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் முதலில் நின்று வண்டி வால் ஆட்டுகிறது.

பதில்: பின்பக்க பைப்பில் மட்டும், அழுத்தத்தைக் குறைத்துத் தரும், திருகிச் சரிசெய்யும் புரொபோர்ஷனிங் வால்வு ஒன்று வையுங்கள். பின் அழுத்தத்தை மிகக் குறைவில் தொடங்கி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். முன்சக்கரம்தான் முதலில் நிற்க வேண்டும்.

கேள்வி: சிலிக்கோன் பிரேக் ஆயில் பெயிண்டை அரிக்காதாமே?

பதில்: உண்மை. சிலிக்கோன் ஆயிலான டாட் 5 ஈரத்தையும் உறிஞ்சாது. வருடத்துக்கு நாலு முறை வெளியே எடுக்கும் வண்டிக்கு ஏற்றது. ஆனால் சிலிக்கோன் அல்லாத ஆயில்களான டாட் 3, 4, 5.1 எதனுடனும் கலக்கக் கூடாது. பழைய ஆயில் ஓடிய சீல்கள், ஹோஸ்களை மாற்றி, பைப்புகளைக் கழுவி உலர்த்தியபிறகே ஊற்றுங்கள். டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி போக நெடுநேரம் ஆகும். டாட் 5.1 என்பதை டாட் 5-இன் தம்பி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கோன் அல்ல, பெயிண்டைக் கரைத்துவிடும்.

கேள்வி: ஃபோர்டு மாடல் டி-க்கு வெளியிலிருந்து மாட்டும் கூடுதல் பிரேக் அவசியமா?

பதில்: அவசியம் என்றே சொல்வேன். அதன் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குள் இருக்கிறது. அங்கிருந்து பின்சக்கரம் வரை ஏதாவது ஒன்று உடைந்தாலும் பெடல் வெறும் மிதிதான். பின் ஆக்சிலில் உள்ள பாபிட் என்ற மென் உலோகத் தடுப்பு வாஷர்கள் நொறுங்கினால் பல்சக்கரங்கள் விலகிவிடும். பிரேக்கும் கூடவே போகும். ஆகவே முதலில் அவற்றை வெண்கல வாஷர்களாக மாற்றுங்கள். இரண்டு கியர் கொண்ட ரக்ஸ்டெல் பின் ஆக்சில் உள்ள வண்டி அந்த இரண்டு கியருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாலும் இதே கதி.

ராக்கி மவுன்டன் வகை பிரேக், பின் டிரம்மை வெளியிலிருந்து பட்டையால் கவ்வும். பெடலை மிதிக்கும்போது கியர் பெட்டிப் பட்டைக்குச் சற்று முன்னதாக வெளிப்பட்டை பிடிக்குமாறு வையுங்கள். இருபக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். முன்னே போகும்போது நன்றாகக் கவ்வும், பின்னே உருளும்போது பிடி குறையும். ஏற்றத்தில் நிறுத்தினால் கை லீவரையும் இழுத்துவிடுங்கள். ஆக்சில் சீல் கசிந்தால் லைனிங்கில் எண்ணெய் ஊறி எல்லாம் வீண், அதனால் சீலை மாற்றாமல் பட்டையை மாட்டாதீர்கள்.